இத்தாலி வண்டிக்கு ஒரு சாரி கார்டு

எழில்,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன வேலை முடிந்தது. முதுநகரிலிருந்து வெல்டிங் அந்தோணி வந்து, உன் வண்டியில் இருந்த சாரி கார்டை அறுத்து எடுத்துவிட்டார். வாங்குகிற பாண்டிச்சேரிக்காரர் எப்போது வேண்டுமானாலும் ஆளை அனுப்பி வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி அதன் முடிவுக்குப் போய்ச் சேர்வதற்குள் நீ நாலைந்து முறை "ம்" சொல்லிவிடுகிறாய். சீக்கிரம் சீக்கிரமாக "ம்" சொல்லும் பிள்ளை பாடத்தைக் கேட்கவில்லை என்பது பள்ளிக்கூடத்தில் நான் படித்த முதல் பாடம். கடிதத்துக்கு யாரும் "ம்" சொல்ல முடியாது. மடித்து வைக்கலாம், அவ்வளவுதான். கடைசிவரை படித்துவிட்டு மடி.

உனக்கு எழில் என்று பெயர் வைத்தவள் நான். உன் அப்பா வைக்க நினைத்தது அவருடைய தாத்தாவின் பெயர். அந்தப் பெயரோடு நீ சென்னையில் வேலைக்குப் போயிருந்தால் காவல்காரர் உள்ளே விட்டிருக்க மாட்டார். ஆகவே, அழகான ஒரு பொருளைப் பார்த்ததும் நீ அறிவை இழந்ததற்கு முழுப் பழியையும் இத்தாலிக்காரர்கள் மேல் போட முடியாது. பாதி என்னுடையது.

2009 போகியன்று வண்டி வந்தது. தெருவெல்லாம் பழைய பாய் எரிந்த புகை. அந்தப் புகைக்குள்ளிருந்து முதலில் சத்தம்தான் வந்தது. "எவனோ கரண்டி டப்பாவ உருட்டிக்கினு வரான்" என்றார் அப்பா. பிறகு ஒற்றை வட்ட விளக்கு தெரிந்தது, பிறகு சிவப்பு, பிறகு நீ. அமெரிக்கா போன ஒரு நண்பனிடமிருந்து வாங்கியது என்றாய். சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையில் ஒரே மூச்சாக வந்தேன் என்றாய். நின்றபடியே காபி குடித்துக்கொண்டு அப்பாவுக்குப் பாடம் நடத்தினாய்.

"இது நேக்கட் பைக்குப்பா."

"இன்னாது?"

"நேக்கட். மேல மூடி எதுவும் கெடையாது. இன்ஜினு, ஃபிரேமு எல்லாம் வெளியவே தெரியும். அதுதான் இதோட ஸ்டைலு."

"துணி போடாத வண்டின்னு சொல்லு. அப்ப வாசல்ல நிறுத்தாதடா, எதிர் வீட்ல வயசுப் பொண்ணு இருக்குது."

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் வண்டி அழகுதான், அதில் பொய் சொல்ல மாட்டேன். சிவப்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்து, நடுவில் இன்ஜினைப் பண்ருட்டிப் பலாப்பழம் போலத் தொங்கவிட்டிருந்தார்கள். டேங்க் குனிந்து நிற்கும் காளையின் திமில் மாதிரி இருந்தது. எந்த உறுப்பும் இன்னோர் உறுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. நம் வீடோ எல்லாவற்றையும் மூடி வைக்கும் வீடு. டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, ஃபிரிட்ஜின் கைப்பிடிக்குக்கூட உறை. அப்பாவின் சர்க்கரையையும் உன் பரீட்சைகள் முடியட்டும், வேலை கிடைக்கட்டும் என்று பல வருஷம் உன்னிடமிருந்து மூடித்தான் வைத்திருந்தோம். அப்படிப்பட்ட வீட்டின் வாசலில் தன் குடல்வரை காட்டிக்கொண்டு ஒரு வண்டி வந்து நின்றது. எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

குறைகள் மறுநாள் காலையிலிருந்து தெரிந்தன. ஹேண்டில் பாதிதான் திரும்பும் என்பதால் நம் தெருவில் வண்டியைத் திருப்ப முடியவில்லை. நீயும் அப்பாவும் முன்னால் தள்ளி, பின்னால் இழுத்து, மறுபடி முன்னால் தள்ளி, அடம்பிடிக்கும் எருமையைத் திருப்புவது போலத் திருப்பினீர்கள். வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடிவயிறு உரசியது. சிக்னலில் நின்றால் தொடை வெந்தது. "வெயில்காலத்துல இது மேல தோசை ஊத்தலாம்டா" என்றார் அப்பா. கண்ணாடியில் பின்னால் வரும் லாரி தெரியவில்லை, உன் தோள் மட்டும் தெரிந்தது. கத்தரிக்காய்ப் பையை மாட்ட ஒரு கொக்கி கிடையாது. கிளட்ச் கம்பி அறுந்தபோது மாற்றுக் கம்பி இத்தாலியிலிருந்து பம்பாய் வந்து, பம்பாயிலிருந்து சென்னை வந்து, கடலூர் வந்து சேர்வதற்குள் ஒரு மழைக்காலம் முடிந்துபோனது. இத்தனையையும் நீ குறையாகச் சொல்லவில்லை. "அப்படித்தாம்மா இருக்கும்" என்றாய். பிடித்துப்போன பெண்ணைப் பற்றிப் பேசும் பையனின் குரல் அது. எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும், இந்த வண்டியைப் பற்றி உன்னிடம் யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "நான் எங்கடா உக்கார்றது?"

பின் சீட்டு என்று நீ காட்டிய இடம் இட்லித் தட்டு அகலம் இருந்தது. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. "இதுல நீ உக்கார முடியாதும்மா. ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காரணும். ஒரு பக்கமா உக்காந்தா சேலை சக்கரத்துல சுத்திக்கும். நம்ம ஊர் வண்டி மாதிரி சாரி கார்டு எல்லாம் இதுல வராது." நீ கடுமையாகச் சொல்லவில்லை. பேருந்து இந்த ஊரில் நிற்காது என்று ஒரு கண்டக்டர் சொல்வது போலச் சொன்னாய். இத்தாலியில் பெண்கள் சேலை கட்டுவதில்லை. அவர்கள் பிழையா அது? ஆனால் பள்ளிக்கூடம் படிக்கும்போது, அப்பாவின் பழைய கறுப்பு மோட்டார்சைக்கிளில் டேங்க் மேல் உட்கார்ந்துகொண்டு, "நான் பெருசானா பெரிய வண்டி வாங்கி அம்மாவ நான்தான் சிதம்பரம் கூட்டிம்போவேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாய். பிள்ளைகள் சொல்வதை நான் கணக்கில் வைப்பதில்லை. வைத்தால் என் வகுப்பிலிருந்து மட்டும் பத்துப் பதினைந்து கலெக்டர்கள் வந்திருக்க வேண்டும். உன் அப்பா கணக்கில் வைப்பவர். குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் ஸ்டோரில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். உள்ளே வந்த பொருள் என்றைக்காவது வெளியே போயாக வேண்டும் என்பது அவர் மதம்.

அந்தக் கறுப்பு வண்டியை 2004-இல், உனக்கு வேலை கிடைத்த வருஷம், பழைய இரும்புக்குப் போட்டோம். வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதற்கு முன் அப்பா ஒரு ஸ்பேனரை எடுத்து அதன் சாரி கார்டை மட்டும் கழற்றிக்கொண்டார். "அது எதுக்குங்க?" என்றேன். "கெடக்கட்டும்" என்றார். பரணில் கிடந்தது.

இத்தாலி வண்டி வந்த மறு வருஷம் உன்னை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். வண்டியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாய். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்ய வேண்டும், சூடாகும்வரை ஓடவிட வேண்டும், ஓட்டக் கூடாது. இந்த மூன்றையும் அப்பாவிடம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாய். ஞாயிறுதோறும் காலையில் குளித்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு, அவர் வண்டியை ஸ்டார்ட் செய்வார். எதிர் வீட்டுக்காரர் செய்தித்தாளோடு வெளியே வருவார். "எவ்ளோ குடுக்குது சார்?" என்று வாராவாரம் கேட்பார். நின்ற இடத்தில் ஓடும் வண்டி எவ்வளவு கொடுக்கும்? இரண்டு மாதம் போனதும் நின்ற இடத்தில் ஓடுவது டயருக்கு நல்லதில்லை என்று அப்பா கண்டுபிடித்தார். தெருமுனைவரை போய் வந்தார். பிறகு பெட்ரோல் பங்க்வரை. பிறகு சில்வர் பீச்வரை. ஒவ்வொரு தடவையும் டயருக்காகத்தான் போனார். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ள, ரிட்டையர் ஆன மனிதர் ஒருவர், காற்றில் வேட்டி பறக்க வேண்டாம் என்று கல்யாணத்துக்குத் தைத்த பேண்ட்டைப் போட்டுக்கொண்டு, டயருக்காக.

ஒரு நாள் வண்டியோடு முதுநகர் போய், மாலையில் சாரி கார்டோடு திரும்பினார். துறைமுகத்துப் பக்கம் விசைப்படகுகளுக்கு வெல்டிங் வைக்கிறவர் அந்தோணி. "கடல் அலையையே தாங்குது சார் நம்ம ஒட்டு, இது இன்னா" என்று சொல்லி ஒட்டிக் கொடுத்திருந்தார். சைலன்ஸர் சூடு காலில் படாமல் ஒரு தகடு, கால் வைக்க ஒரு கம்பி, பிடித்துக்கொள்ள ஒரு வளையம். மொத்தத்துக்கும் ரெட் ஆக்சைடு அடித்திருந்தார்கள். இத்தாலியச் சிவப்புக்குப் பக்கத்தில் நம் ரெட் ஆக்சைடு, பட்டுப் புடவைக்குப் போட்ட ஒட்டு போலப் பளிச்சென்று தெரிந்தது. "புள்ள வந்து பாத்தா இன்னாங்க சொல்லுவான்?" என்றேன். "இன்னா சொல்லுவான்? அம்மாவ ஏத்திக்கினு போவான்" என்றார்.

இனி வருவது உனக்குத் தெரியாது.

2011 மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. திருவிழா இல்லை, விசேஷம் இல்லை. விடிந்ததும் அப்பா வாசலில் நின்று, "டீச்சரம்மா, ஏறு" என்றார். அவருக்கு என் மேல் பிரியம் வந்தால் டீச்சரம்மா என்பார், கோபம் வந்தாலும் டீச்சரம்மா என்பார். குரலைப் பார்த்து நான் தெரிந்துகொள்ள வேண்டும். "எங்க?" என்றேன். "உங்க ஊருக்குத்தான். தங்கச்சி வூட்ல காபி குடிச்சிட்டு வந்துருவோம்." நீ ஓட்டக் கூடாது என்று சொன்னதை ஞாபகப்படுத்தினேன். "அவன் ஊருக்குள்ள ஓட்டக்கூடாதுன்னான். இது ஹைவேஸ்" என்றார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். கால் தானாகப் போய் ஒரு வளைவில் உட்கார்ந்தது. உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தபோது ஆலப்பாக்கம் பக்கத்தில் கறுப்பு வண்டி சரிந்ததே, அப்போது சாரி கார்டில் ஏற்பட்ட வளைவு. பரணில் கிடந்ததைத்தான் கொண்டுபோய் ஒட்டியிருந்தார். என் காலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியச் சற்று நேரம் ஆனது.

போகும் வழியில் நாங்கள் பேசவில்லை. பேசினால் கேட்டிருக்காது. உன் வண்டி என் முதுகெலும்பை மணி மணியாக எண்ணியது. புதுச்சத்திரம் தாண்டியதும் வயல்களுக்கு மேல் வெயில் வந்தது. அப்பா கொஞ்சம் வேகம் கூட்டினார். அந்த வண்டி அவர் கேட்டதற்கு மேல் கொஞ்சம் கொடுத்தது. அவர் தோள் குலுங்கியது. பயந்துவிட்டார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

பி.முட்லூரில் டீக்கடையில் நிறுத்தினோம். நிறுத்தவும் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர், லீவில் வந்தவர் போல, கைலியும் வாசனைத் தைலமுமாக முன்னால் வந்தார்.

"மாமா, துபாய்ல ஷேக்கு வூட்டுப் பசங்க ஓட்டிப் பாத்துருக்கேன் இத. நம்ம ரோட்ல, அதுவும் மாமிய வெச்சிக்கினு! மாஷா அல்லா. சாரி கார்டு கம்பெனியே குடுக்குதா?"

"ஸ்பெஷல் ஆர்டரு" என்றார் அப்பா.

"எவ்ளோ குடுக்குது?"

"நாப்பது."

நான் திரும்பிப் பார்த்தேன். ஸ்டோரில் ஒரு ஆணியைக்கூடத் தப்பாகச் சொல்லாத மனிதர். அந்த வண்டி பதினெட்டு கொடுத்தால் அதிகம். பரங்கிப்பேட்டைக்காரர் திருப்தியோடு தலையாட்டி, எங்கள் டீக்குக் காசு வாங்கக் கூடாது என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டார்.

சிதம்பரத்தில் கீழ வீதியில் ஒரு புங்க மர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சித்தி வீட்டுக்கு நடந்தோம். பத்து அடி போனதும் அப்பா திரும்பிப் பார்த்தார். வண்டி சாயப்போகிறதோ என்று நானும் திரும்பினேன். சாயவில்லை. சந்து திரும்பும்போது மறுபடி நின்று பார்த்தார்.

"இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. அந்தக் கறுப்பு வண்டிய இத்தினி வருஷம் வெச்சிருந்தேன். நிறுத்திட்டு ஒரு நாளும் திரும்பிப் பாத்ததில்ல. இது பாக்கச் சொல்லுது பாரு." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "புள்ள எதுக்கு வாங்குனான்னு இப்பத்தான் தெரியுது" என்றார்.

திரும்பி வந்து சில நாள் படுத்திருந்தார். உள்ளங்கை வீங்கி, இடுப்பு பிடித்து, தொடையில் சூட்டுக் காயத்தோடு. தைலம் தேய்க்கும்போது ஒரு கட்டளை போட்டார். "அவன்கிட்ட சொல்லாத. அவன் வந்ததும் ஒன்ன கூட்டிக்கினு போவான். நீ மொத தடவ ஏற்ற மாதிரியே ஏறு. அய்யோ பயமா இருக்குதுடான்னு சொல்லு. அவன் சந்தோஷத்தக் கெடுக்காத." நான் ஒத்திகைகூடப் பார்த்துவைத்தேன், எழில். பயப்படும் முகம் எனக்குச் சரியாக வராது.

சித்திரையில் நீ வந்தாய். பெட்டியை இறக்கவில்லை, முதலில் வண்டியின் உறையைத்தான் நீக்கினாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் நீ கோபத்தில் இருந்தாய், நான் கதவோரம் நின்றிருந்தேன். ஒரே காட்சி இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்காது.

"யார் ஒட்டுனது இத?"

"அந்தோணி. கப்பலுக்கே ஒட்டுறவன்டா..."

"இது ஃபிரேம்ப்பா! இந்தப் பைப்புல நெருப்பே படக் கூடாது. ஃபிரேம் போச்சுன்னா வண்டியே போச்சு."

"அம்மா உக்கார்றதுக்குத்தான்டா..."

"அம்மா உக்கார்றதுக்குச் செஞ்ச வண்டி இல்லப்பா இது! இன்னான்னு நெனச்சிங்க? கம்பி, தகடு, ரெட் ஆக்சைடு... அழகுன்னா இன்னான்னே உங்களுக்குத் தெரியாதுப்பா."

அப்பா "சரிடா" என்றார். "காபி ஆறுது" என்றும் சொன்னார். நீ அன்று மாலையே பஸ் பிடித்துச் சென்னை போய்விட்டாய். வண்டியைத் தொடவில்லை. அதன் பிறகு கடலூருக்கு வரவும் இல்லை, கடைசியில் வரவேண்டிய காரியத்துக்கு வந்ததைத் தவிர.

நான் அன்றைக்கே உன்னிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். "வேணாம். இப்பச் சொன்னா அவனக் குத்திக்காட்ற மாதிரி ஆயிரும்" என்றார். மறு வாரம் பாண்டிச்சேரிக்குத் தனியாகப் போய், பெரிய வண்டிகள் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் விசாரித்துவிட்டு வந்தார். வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "புள்ள சொன்னது சரிதான்டி" என்றார். "அந்தப் பைப்பு வேற ஜாதிப் பைப்பாம். சூடு பட்டா வலு போயிடுமாம். மெதுவா ஓட்டலாமாம், ஆனா பழையபடி ஆவாதாம்."

ஆகவே இந்தக் கடிதத்தில் அப்பா செய்தது சரி என்று நான் வாதாடப்போவதில்லை. நீ சொன்னது சரி. வண்டி கெட்டது. எனக்குத் தெரிந்து வீட்டில் நெடுநாள் தங்கிவிடுவது தப்பான பேச்சு இல்லை. தப்பான பேச்சுக்கு யாராவது சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சரியான பேச்சைத்தான் எங்கே வைப்பது என்று தெரிவதில்லை. அவருக்கு உன்னிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. நீ சொன்னது சரிதான் என்று, அவ்வளவுதான். ஒவ்வொரு ஞாயிறும் நீ போன் செய்யும் நேரத்துக்கு அவர்தான் போன் பக்கத்தில் இருப்பார். எடுப்பார். "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பார். நீயும் "ம்" என்பாய். கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பார். நான் பேசி முடிக்கும்வரை நிற்பார்.

அந்த மார்கழியில் புயல் வந்தது. காற்று திரும்பி அடிப்பதற்கு முன் அப்பா கயிறு எடுத்துக்கொண்டு வெளியே போனார். கால் வீங்கியிருந்தது, மூச்சு வாங்கியது, கத்தினேன், கேட்கவில்லை. உன் வண்டியில் கயிறு கட்ட ஒரு இடம் கிடையாது, எல்லாம் வழவழப்பு. சாரி கார்டில் கட்டித் தூணோடு இழுத்து முடிந்தார். விடிந்து பார்த்தால் போர்ட்டிகோ ஷீட்டைக் காணோம், எதிர் வீட்டு ஸ்கூட்டர் சாக்கடையில் கிடந்தது, உன் வண்டி நின்றிருந்தது. ஃபிரேமைக் கெடுத்த கம்பிதான் வண்டியைக் காப்பாற்றியது என்று சொல்லவரவில்லை. சொன்னால் நீ அதற்கும் சரியான பதில் வைத்திருப்பாய்.

தை கடைசியில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நீ விமானம் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது. கருமாதியன்று சாயங்காலம் நீ சித்தியிடம், "அப்பா என் மேல கோவமாவே போய்ட்டாரு சித்தி" என்று சொல்லி அழுதாயாம். அவள் என்னிடம் சொல்லவே இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. போன வாரம்தான் சொன்னாள். நீ ஏன் வருவதில்லை, வண்டியை ஏன் ஆளை விட்டு எடுக்கப் பார்க்கிறாய், அந்தக் கம்பி உன் கண்ணில் படவே கூடாது என்று ஏன் நினைக்கிறாய் என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கியது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உன் அப்பா சிறுநீரகம் பழுதாகி இறந்தார். டாக்டர் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் உன் வாக்கியம் எங்கேயும் இல்லை. அது அவருக்கு வலிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன், வலித்தது, பார்த்தேன். ஆனால் கோபம் இல்லை. ஆஸ்பத்திரியில் பேச்சு குழறத் தொடங்கிய பிறகு என்னிடம் கேட்டது, "ஞாயித்துக்கெழம வண்டிய யார் ஸ்டார்ட் பண்ணாங்க?" என்றுதான். யாரும் செய்யவில்லை. நான் செய்தேன் என்றேன். அவர் நாற்பது சொன்னார் அல்லவா, நான் இதைச் சொன்னேன். அதன் பிறகு அந்தப் பொய்யை உண்மையாக்க வேண்டியதாயிற்று. இப்போது ஞாயிறுதோறும் நான்தான் ஸ்டார்ட் செய்கிறேன். எதிர் வீட்டுக்காரர் என்னிடம் மைலேஜ் கேட்பதில்லை. தலையைக் குனிந்துகொண்டு செய்தித்தாள் படிக்கிறார்.

நேற்று அந்தோணி வந்தபோது கரெண்ட் இல்லை. இந்த வருஷம் எப்போதுதான் இருந்தது. கிரைண்டரைக் கையில் வைத்துக்கொண்டு மதியம்வரை வாசலில் காத்திருந்தார்.

"டீச்சர், அறுத்தே ஆவணுமா?"

"ஆமாம்பா. தம்பி சொல்லிட்டான்."

"அறுத்தாலும் தழும்பு இருக்கும். பெயிண்ட் அடிச்சாலும் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

"பரவால்ல."

"அன்னிக்கு சார் என்கூடவே உக்காந்திருந்தாரு டீச்சர். அந்தக் கம்பியில ஒரு கோணல். தட்டி நிமித்திட்றேன் சார்னேன். நிமித்தாத, அது அவுங்க கால் வெக்கிற எடம்னாரு."

கரெண்ட் வந்தது. நான் உள்ளே போய்விட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்க என்னால் முடியவில்லை. அறுத்த கம்பியைப் பரணில் போட்டாயிற்று. வண்டி இப்போது நீ வாங்கியபோது இருந்தது போலவே இருக்கிறது, நாலு இடத்தில் மட்டும் கறுப்புத் தழும்பு. கூலி கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்று கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இனி நான் கேட்பது. வண்டி உன்னுடையது, வில், வைத்துக்கொள், எனக்கு ஒன்றும் இல்லை. ஆளை அனுப்பினால் சாவியைக் கொடுத்துவிடுவேன், வழக்காட மாட்டேன். ஆனால் தை மாதம் அப்பாவுக்குத் தலைத்திவசம் வருகிறது. அதற்கு நீ வா. மகன் இல்லாமலும் ஐயர் மந்திரம் சொல்லிவிடுவார், இப்போது எல்லாவற்றுக்கும் மாற்று ஏற்பாடு இருக்கிறது. எனக்குத்தான் மாற்று ஏற்பாடு இல்லை. பாண்டிச்சேரிக்காரரை அதுவரை பொறுக்கச் சொல். திவசம் முடிந்த மறுநாள், விடிகாலையில், என்னைச் சிதம்பரம் கூட்டிக்கொண்டு போ. மெதுவாகப் போனால் ஃபிரேம் தாங்கும் என்று மெக்கானிக் சொன்னதாக அப்பா சொல்லியிருக்கிறார். வழியில் யாராவது எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டால் நாற்பது என்று சொல். கீழ வீதியில் நிறுத்திவிட்டு நடக்கும்போது ஒருமுறை திரும்பிப் பார். அவர் எங்கே நின்று பார்த்தார் என்று நான் காட்டுகிறேன்.

எப்படி உட்காருவாய் என்று கேட்பாய். சாரி கார்டு போய்விட்டது, சேலை சக்கரத்தில் சுற்றும், எனக்குத் தெரியாதா? இன்று காலை மஞ்சக்குப்பத்தில் துணிக்கடைக்குப் போயிருந்தேன். கடைப் பெண் சுடிதார்களை எடுத்து எடுத்துப் போட்டாள். "பொண்ணுக்காம்மா? பேத்திக்கா? சைஸ் சொல்லுங்க." எனக்கு என்றேன். அவள் என் நெற்றியைப் பார்த்தாள், நரையைப் பார்த்தாள், பிறகு தோளில் நாடாவை வைத்து அளந்தாள். சாம்பல் நிறத்தில் ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டும் பார்த்தேன். நன்றாக இல்லை. அதைப் பற்றி நீ ஒன்றும் சொல்லக் கூடாது.

அம்மா